போர்வைக் கூடாரமும் தகரப் புனலும்: வீட்டுக்குள் நடந்த ஒரு புகைப்பட வரலாறு

புகைப்படக்கலையில் "ஸ்டில் லைஃப்" என்று ஒரு வகை உண்டு. தமிழில் அசையாப்பொருள் படம் என்று சொல்லலாம். ஒரு மேஜை, அதன் மேல் இரண்டு பழம், ஒரு கிண்ணம், ஒரு கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான் சமாச்சாரம். மலையேற வேண்டாம், கல்யாண மண்டபத்தில் முண்டியடிக்க வேண்டாம், யாரையும் "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்ச வேண்டாம். வெளிச்சம் ஒன்றுதான் வேண்டும். அதுதான் வீட்டில் கிடைக்காத பொருள்!

அந்த வெளிச்சத்துக்காக வீட்டில் கைக்குக் கிடைத்த துணி, போர்வை, புனல், அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் புகைப்படக்காரர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு விஷயம். கேமரா வைத்திருக்கும் நண்பர்களிடம் பேசினால் இரண்டு கட்சி இருப்பது தெரியும். "ஸ்டுடியோ லைட் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்பது ஒரு கட்சி. "கருவி எல்லாம் ஒன்றுமே இல்லை, கண்தான் முக்கியம்" என்பது இன்னொரு கட்சி. வரலாற்றைப் படித்தால் இரண்டு கட்சிக்கும் சாதகமாகத் தீர்ப்பு வராது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

புகைப்படம் பிறந்த காலத்தில் அசையாப்பொருளைத் தவிர வேறு எதையும் ஒழுங்காக எடுக்க முடியாது. 1837இல் பிரான்சில் லூயி டாகர் எடுத்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. பிளாஸ்டரில் செய்த குழந்தைத் தலைகள், ஒரு புடைப்புச் சிற்பம், பிரம்பு பின்னிய ஒரு குப்பி, தொங்கும் துணி. ஓவியர்களின் அறையில் கிடக்கும் சாமான்கள்தான். ஆனால் அந்தச் சாமான்களில் ஒரு கணக்கும் இருக்கிறது. பிளாஸ்டர் வெள்ளை நிறம். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்காமல் திருப்பி அனுப்பும். தகடு மந்தமானது, வெளிச்சம் மிச்சம், பொருளோ ஆடாது அசையாது. இதைவிடப் பொருத்தமான மாடல் அந்தக் காலத்தில் வேறு எது கிடைக்கும்?

அதே சமயத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டின் பெயர் லேகாக் அபே. பெயரே சொல்வதுபோல பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று, பிற்பாடு பிரபு வீடாக மாறியது. வீடு முழுக்க அவர் வைத்திருந்த சின்னச் சின்ன மரப்பெட்டிக் கேமராக்களைப் பார்த்து அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் "எலிப்பொறி" என்று பெயர் வைத்தாராம். (எந்த நூற்றாண்டிலும் வீட்டில் இந்த விமர்சனம் உண்டு போல :) )

1844 முதல் 1846 வரை டால்பட் ஒரு புத்தகத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். "தி பென்சில் ஆஃப் நேச்சர்" என்று பெயர். 24 படங்கள், ஒவ்வொன்றும் அச்சடித்தது அல்ல, அசல் புகைப்படமே ஒட்டியது. அதில் மூன்றாவது படம் அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்கள். நான்காவது படம் கண்ணாடிச் சாமான்கள். பின்னால் ஒரு படத்தில் இரண்டு தட்டு நிறையப் புத்தகங்கள். புத்தகப் படத்துக்கு "நூலகத்தில் ஒரு காட்சி" என்று பெயர் வைத்திருக்கிறார். ஆனால் அது நூலகத்துக்குள் எடுத்தது இல்லை. உள்ளே வெளிச்சம் போதாது. தட்டையும் புத்தகங்களையும் முற்றத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி, வெயிலில் வைத்து எடுத்தார். விளக்கைப் பொருளிடம் கொண்டுவர முடியவில்லை, அதனால் பொருளைச் சூரியனிடம் தூக்கிப் போனார். வீட்டில் எடுக்கும் அசையாப்பொருள் படத்தின் முதல் தந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என்னை மிகவும் கவர்ந்தது படங்களைவிட அவர் பக்கத்தில் எழுதிய குறிப்புகள். பீங்கானையும் கண்ணாடியையும் சேர்த்து எடுக்காதீர்கள் என்கிறார். வெள்ளைப் பீங்கான் பிரகாசமானது, அதன் உருவம் காகிதத்தில் முழுசாகப் பதிந்து முடிந்தபோது கண்ணாடியின் உருவம் அப்போதுதான் தொடங்கியிருக்குமாம். நீல நிறம் வெள்ளையைப் போலவே வேகமாகப் பதியும், பச்சை மிக மெதுவாகத்தான் பதியும் என்றும் சொல்கிறார். அந்தக் கால ரசாயனத்துக்கு நீலமும் புற ஊதாவும்தான் கண்ணுக்குத் தெரியும். பச்சை ஆப்பிளும் சிவப்பு ஆப்பிளும் அதற்குக் கரிக்கட்டிதான். 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் வோகல் சாயம் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சையைக் காட்டிக் கொடுக்கும்வரை இந்தத் தொல்லை தொடர்ந்தது. ஆகவே, ஆரம்ப காலத்துப் படங்களில் பீங்கானும் பளிங்கும் நிறைய இருப்பதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை.

இன்னொரு குறிப்பு இதைவிட முக்கியம். ஐந்தாவது படம் ஒரு கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலை. இந்த மாதிரிச் சிலைகளை வெயிலைவிட மேகமூட்டத்தில் எடுப்பது நல்லது, வெயிலில் நிழல் கறுப்பாக விழுந்து உருவத்தையே குழப்பிவிடும் என்கிறார். வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால்? சிலையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சூரிய ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை லேசாக வெளிச்சமாக்கும் என்று எழுதுகிறார். எழுதியது 1844இல். இன்று நாம் தெர்மாகோல் அட்டையை வைத்துச் செய்வதும், கடையில் மடக்கி விரிக்கும் வட்டத்தட்டு வாங்கிச் செய்வதும் இதே வேலைதான். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டு ஐந்து வருடத்துக்குள் ரிஃப்ளெக்டர் வந்துவிட்டது. அது வீட்டில் கிடந்த ஒரு வெள்ளைத் துணி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. டால்பட் வீட்டுத் துணியைப் பயன்படுத்தினார் என்றாலும் அவர் ஏழை இல்லை. முற்றத்தில் பீங்கானைத் தூக்கிவைக்க வேலையாட்கள் இருந்தார்கள். நிக்கோலாஸ் ஹென்னமன் என்ற உதவியாளர் பிற்பாடு தானே புகைப்படக்காரராகவும் ஆனார். பீங்கான் படத்துக்கு டால்பட் எழுதிய குறிப்பிலும் இது தெரிகிறது. இந்தப் பொருள்களைத் திருடன் கொண்டுபோனால் நீதிமன்றத்தில் இந்தப் படத்தையே சாட்சியாகக் காட்டலாமே என்கிறார். திருடன் பயம் யாருக்கு வரும்? சாமான் இருப்பவருக்குத்தானே.

அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1855இல் கிரிமியப் போரைப் படமெடுத்த ரோஜர் ஃபென்டன், 1860இல் பழங்களையும் பூக்களையும் வரிசையாக எடுத்தார். திராட்சையின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுகூடத் தெரியும். இரண்டே வருடத்தில் புகைப்படத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார். 1864இல் மான்செஸ்டரில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்தி முகப்படம் எடுத்தார்கள். 1887இல் ஜெர்மனியில் மீதேயும் கேடிக்கேயும் மெக்னீசியத் தூளோடு வேறு ரசாயனங்களைக் கலந்து மின்னல் தூள் தயாரித்தார்கள். பளிச்சென்று வெடித்து அறை முழுக்க வெள்ளைப் புகை. செய்திக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். சாப்பாட்டு மேஜையில் ஆப்பிள் எடுக்கிறவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. ஆப்பிளுக்கு அவசரம் கிடையாதே! வெளிச்சம் குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அசையாப்பொருள் எடுப்பவரின் உண்மையான கருவி கடிகாரம்தான்.

இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனவர் எட்வர்ட் ஸ்டைக்கன். அமெரிக்காவில் வளர்ந்தவர், பிரான்சில் பாரிஸுக்கு அருகே வூலாஞ்சி என்ற கிராமத்தில் வீடு. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வான்வழிப் புகைப்படப் பிரிவில் பொறுப்பில் இருந்தார். அதற்கு முன் அவர் எடுத்தவை எல்லாம் மங்கலான, ஓவியம் போன்ற படங்கள். போர்க்களத்தை வானத்திலிருந்து எடுக்கும்போது மங்கல் உதவாது. எதிரியின் பீரங்கி எங்கே என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். போர் முடிந்து வூலாஞ்சிக்குத் திரும்பியவர் தன் ஓவியங்களை நெருப்பில் போட்டுவிட்டு, புகைப்படத்தை அரிச்சுவடியிலிருந்து மறுபடி படிக்க உட்கார்ந்தார். நாற்பது வயது தாண்டியவர், ஏற்கெனவே பேர் வாங்கியவர்.

அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒரு வெள்ளைக் கோப்பையும் சாசரும். பின்னால் தூய வெள்ளையிலிருந்து சாம்பல் நிறங்கள் வழியாகக் கறுப்பு வெல்வெட் வரைக்கும் படிப்படியாக இறங்கும் ஒரு நிறவரிசை. வெளிச்சத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றி அதே கோப்பையை ஆயிரம் தடவைக்கு மேல் எடுத்ததாகத் தன் வாழ்க்கை நூலில் சொல்கிறார். ஆயிரம்! சங்கீதம் படிக்கிறவர்கள் சரளி வரிசையைத் திரும்பத் திரும்பப் பாடுவார்களே, அந்த மாதிரிதான்.

அதே காலத்தில், 1921 வாக்கில், எடுத்த படம் "மூன்று பேரிக்காயும் ஓர் ஆப்பிளும்". ஒரு பழத்தின் கனம், திரட்சி எல்லாம் தட்டையான காகிதத்தில் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கிற சின்னக் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதற்குள் போர்வைகளால் ஒரு கூடாரம் கட்டினார். ஒரே ஒரு சின்ன இடுக்கு வழியாக மட்டும் வெளிச்சம் உள்ளே வரும், அதுவும் நேராகப் பழத்தின் மேல் விழாமல் இன்னொரு துணியில் பட்டுச் சிதறித்தான் வரும். லென்ஸின் துளையையும் மிகமிகச் சிறியதாக ஆக்கிக்கொண்டார், ஏறக்குறைய எஃப் 128. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாம் வழக்கமாக எஃப் 8 வைத்து எடுக்கிறோம் என்றால், எஃப் 128இல் உள்ளே வரும் ஒளி அதில் 256இல் ஒரு பங்குதான். எல்லாம் சேர்ந்து அந்த ஒரு படத்துக்கு ஆன நேரம் 36 மணி.

36 மணி நேரம் என்றால் இடையில் இரவும் வந்து போகும். இரவுக் குளிரில் எல்லாம் சுருங்கும், பகல் சூட்டில் விரியும். அதனால் பழங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்திருக்கின்றன. துல்லியமான ஒரே உருவத்துக்குப் பதிலாக நூலிழை அளவு வித்தியாசமான பல உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிட்டன. அந்தப் பழங்களுக்கு ஒரு கனத்த, உயிருள்ள திரட்சி வந்தது இதனால்தான் என்று ஸ்டைக்கனே நினைத்தார். காசு கொடுத்து வாங்கிய ஸ்டுடியோ விளக்கு எதிலும் இது கிடைத்திருக்காது. போர்வையும் பனியும் சேர்ந்து செய்த வேலை.

ஸ்டைக்கனுக்கு ஐந்து வருடம் முன்னால், 1916 கோடையில், பால் ஸ்ட்ராண்ட் என்ற இளைஞர் கனெக்டிகட் மாநிலத்தில் ட்வின் லேக்ஸ் என்ற இடத்தில் வேறொரு வழி கண்டார். வீட்டுத் திண்ணைதான் அவர் ஸ்டுடியோ. சமையலறைக் கிண்ணங்கள், ஒரு வட்ட மேஜை. திண்ணைக் கம்பிகளின் நிழல் பட்டை பட்டையாக மேஜை மேல் விழுகிறது. வெளிச்சத்தைச் சரிசெய்ய அவர் ஒன்றும் சேர்க்கவில்லை, கம்பியே வெட்டிக் கொடுத்தது. மதியம் ஜன்னல் கம்பி நிழல் தரையில் விழும் எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் நன்றாகவே வரும்.

இனி தகரப் புனல். கலிஃபோர்னியாவில் எட்வர்ட் வெஸ்டன் முகப்படம் எடுத்துப் பிழைத்தவர். வருகிறவர்களுக்குப் பிடித்த மாதிரி முகச் சுருக்கத்தை அழித்துக் கொடுப்பதுதான் சோறு போட்ட தொழில். அந்த வேலை அவருக்கு அலுத்துப்போனது அவருடைய நாட்குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். தனக்காக எடுத்தவை சங்கு, முட்டைக்கோஸ், குடைமிளகாய். (மெக்சிகோவில் குடியிருந்தபோது, 1925இல், வீட்டுக் கழிப்பறைப் பீங்கானைக்கூட அழகாக எடுத்திருக்கிறார்.) 1930 ஆகஸ்டில் ஒரு குடைமிளகாய் அவரை நாள்கணக்கில் ஆட்டிவைத்தது. பின்னால் துணி வைத்தார், அட்டை வைத்தார், எதிலும் திருப்தி வரவில்லை. கடைசியில் வாயகன்ற ஒரு தகரப் புனலைப் படுக்கவைத்து அதற்குள் மிளகாயை நிறுத்தினார்.

இது ஏன் வேலை செய்தது என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கிறது. புனலின் உட்பக்கம் வளைந்தது, மங்கலான உலோகப் பளபளப்பு. மேலிருந்து வரும் பகல் வெளிச்சம் அதில் பட்டு எல்லாத் திசையிலிருந்தும் மிளகாயின் ஓரங்களுக்குப் போகிறது. வளைவுகளின் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு விழுகிறது. பின்னணியோ தூரம் தெரியாத ஒரு கருமை. பின்புலத்துணி, ரிஃப்ளெக்டர், நிழல் மறைப்பு என்று மூன்று சாமான் செய்யும் வேலையை மண்ணெண்ணெய் ஊற்றுவது போன்ற ஒரு புனல் ஒன்றே செய்துவிட்டது. அதில் எடுத்த "பெப்பர் நம்பர் 30" இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. தலைப்பிலுள்ள 30 சும்மா இல்லை, அது வரிசை எண். படம் எடுத்து முடித்ததும் மாடல்களைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுவதும் அந்த வீட்டில் நடந்தது.

இப்போது அந்த இரண்டு கட்சிக்கு வருவோம். "பார்த்தாயா, வெறும் புனல்தான், கருவி முக்கியம் இல்லை" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் புனலுக்கு முன்னால் நின்றது 8க்கு 10 அங்குல நெகட்டிவ் எடுக்கும் பெரிய கேமரா. அதை இயக்கியவர் அன்றாடம் ஸ்டுடியோவில் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிய ஆள். ஸ்டைக்கனின் போர்வைக்குப் பின்னால் ஆயிரம் கோப்பை இருக்கிறது. விளக்கு வாங்கும் காசை மிச்சம் பிடித்தார்கள் என்பது சரி. ஆனால் அதற்குப் பதிலாக நேரத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் "ஜன்னல் வெளிச்சம் போதும்" என்று சொன்னால் அவர் சிரிப்பாரா அழுவாரா?

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் 1930களில் ஃபோட்டோஃப்ளட் பல்புகள் வந்தன. சாதாரண பல்பு மாதிரியே இருக்கும், சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். ஆனால் உள்ளே இழை தாங்குவதைவிட அதிகச் சூட்டில் எரியும். வெளிச்சம் கொட்டும், சில மணி நேரத்தில் ஆயுசு முடிந்துவிடும். மேலே ஒரு அலுமினியக் கிண்ணம், ஓரத்தில் ஒரு கிளிப். சமையலறை மேஜை ராத்திரியில் ஸ்டுடியோ ஆனது இதற்குப் பிறகுதான். பிரபலமான படங்களின் வரலாற்றில் இந்தப் பல்புக்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் பகலில் வேலைக்குப் போகிறவர்களின் வரலாற்றில் நிச்சயம் உண்டு.

வீட்டுக்குள் எடுப்பதற்குக் காசும் நேரமும் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. செக் நாட்டின் பிராக் நகரில் ஜோசப் சூடெக் என்பவர் இருந்தார். 1896இல் பிறந்தவர், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயம்பட்டு வலது கையையே தோளோடு இழந்தார். பைண்டிங் வேலைக்கு இரண்டு கை வேண்டும். புகைப்படத்துக்கு வந்தார். கனமான கேமராவையும் ஸ்டாண்டையும் ஒற்றைக் கையோடு தூக்கிக்கொண்டு நகரமெல்லாம் அலைந்த மனிதர். 1939இல் நாஜிப் படை பிராகுக்குள் வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் தெருவில் கேமராவை நிறுத்தி நிம்மதியாகப் படமெடுக்க முடியாது. அவர் தன் ஸ்டுடியோவின் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வீடுகளுக்கு நடுவே முற்றத்தில் நின்ற ஒரு மரக்கொட்டகைதான் அந்த ஸ்டுடியோ. 1940 முதல் 1954 வரை அதன் ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வளைந்த மரம், கண்ணாடியில் வேர்வை போலப் படிந்த நீர்த்துளிகள், ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு முட்டை, ஒரு பூ. உள்ளே மூச்சுக் காற்றும் வெளியே குளிரும் சேர்ந்து கண்ணாடியில் பூக்கும் அந்த ஈரப்படலம், நாம் விளக்குக்கு முன்னால் ஒட்டும் பட்டர் பேப்பர் செய்கிற அதே வேலையைச் செய்தது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தைச் சிதறடித்து மிருதுவாக்கியது. நெகட்டிவைப் பெரிதாக்காமல் அதே அளவில் காகிதத்தில் பதித்தார். உலகம் ஜன்னல் அளவுக்குச் சுருங்கிப்போன வருடங்களில் எடுத்தவை என்று தெரிந்து பார்த்தால் அந்தத் தண்ணீர் டம்ளர் வேறு மாதிரித் தெரிகிறது. போர் முடிந்த பிறகும் அவர் அந்த ஜன்னலை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் வழி இல்லாமல் திரும்பினார், பிறகு விருப்பத்தோடு நின்றுவிட்டார்.

இன்னொரு ஜன்னல் நியூயார்க்கில். ஆந்த்ரே கெர்டெஸ் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் பேர் வாங்கி 1936இல் அமெரிக்கா போனவர். 1928இல் ஒரு தட்டின் விளிம்பில் சாய்த்துவைத்த முள்கரண்டியையும் அதன் நிழலையும் மட்டும் வைத்து அவர் எடுத்த படம் மிகப் புகழ்பெற்றது. 1977இல் மனைவி எலிசபெத் இறந்துபோனார். எண்பது வயதைத் தாண்டிய கெர்டெஸ், ஒரு கடையில் பார்த்த சின்னக் கண்ணாடி மார்பளவுச் சிலையின் கழுத்தும் தோளும் எலிசபெத்தைப் போலவே இருப்பதாக உணர்ந்து வாங்கி வந்தார். அதைத் தன் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் வைத்து, உடனே படம் வெளியே வரும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தார். காலை வெயிலில் ஒரு நிறம், மேகம் வந்தால் ஒரு நிறம், மாலையில் நகரமே தலைகீழாக அந்தக் கண்ணாடிக்குள் தெரியும். ரிஃப்ளெக்டர் இல்லை, விளக்கு இல்லை. பொழுது நகர நகர அதுவே வெளிச்சத்தை மாற்றிக் கொடுத்தது. 1981இல் "ஃப்ரம் மை விண்டோ" என்று புத்தகமாக வந்தது, எலிசபெத்துக்குச் சமர்ப்பணம். நான்கு வருடம் கழித்து அவரும் போய்விட்டார்.

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு கதை மறுபடி அட்டைப்பெட்டிக்கு வந்தது. 2006இல் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் ஹாபி, பத்து டாலருக்குள் செய்யக்கூடிய ஒரு பெட்டியை விளக்கி எழுதினார். ஓர் அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் மேலேயும் ஜன்னல் மாதிரி வெட்டி, மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்ட வேண்டும். உள்ளே ஒரு வெள்ளைச் சார்ட்டை மடிப்பு விழாமல் வளைத்து வைத்தால் தரையும் சுவரும் சேரும் கோடு தெரியாது. வெளியிலிருந்து எந்த விளக்கைக் காட்டினாலும் உள்ளே நிழல் மிருதுவாக விழும். அப்போது பழைய சாமான்களை இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தவர்கள் உலகெங்கும் இதைச் செய்து பார்த்தார்கள். ஸ்டைக்கனின் போர்வைக் கூடாரத்தையும் இந்தப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வெளிச்சம் நேராக வராமல் ஒரு துணி அல்லது காகிதத்தில் பட்டுச் சிதறி வரும். அவருக்கு 36 மணி நேரம் ஆனது. இப்போது ஒரு நொடிக்குள் முடிகிறது.

எங்கள் விடுதியில் இதற்கு டிவி வந்த பெட்டியைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: பழைய குண்டு பல்பை டிஷ்யூ காகிதத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள், கருகிவிடும். எல்இடி பல்பு என்றால் பயம் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக வேறு வேறு நிற பல்பு வைத்தால் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம் என்று வந்துவிடும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். மெக்னீசியத் தூள் கதையை மேலே இரண்டே வரியில் தாண்டிவிட்டேன். அதில் கூரையைக் கொளுத்தியவர்களும் உண்டு, அதைத் தனிக் கட்டுரையாக எழுதுகிறேன்.